அச்சம் நியாயம், ஓட்டம் பிழை: 2011 வர்ஜீனியா நிலநடுக்கத்தை முன்வைத்து

2011 ஆகஸ்ட் 23 பிற்பகல் 1.51 மணிக்கு அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், மினரல் என்ற சிற்றூருக்கு அருகே, 5.8 அளவில் நிலம் நடுங்கியது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் வாஷிங்டன் முதல் நியூயார்க் வரை அலுவலகங்கள் காலியாகி, நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்தும் பென்டகனிலிருந்தும் கூட்டம் கூட்டமாக மக்கள் வெளியேறினர். இதைப் பார்த்துக் கலிஃபோர்னியாவாசிகள் சிரித்தார்கள். 5.8 எல்லாம் ஒரு நிலநடுக்கமா என்பது அவர்கள் கேலி. இந்தக் கேலிக்கு அடியில் ஒரு கருத்து ஒளிந்திருக்கிறது: அதிர்வு அரிதான ஊரில் மக்கள் பதறுவது வெறும் அனுபவக் குறைவு. அக்கருத்து பாதிதான் சரி. அவர்கள் அஞ்சியதில் தவறில்லை; அஞ்சியபின் செய்ததில்தான் தவறு. காரணங்கள் வேறு வேறு என்பதால் இரண்டையும் பிரித்தே பார்க்க வேண்டும்.

முதலில் அச்சம். 5.8 என்பது நிலத்தடியில் வெளிப்பட்ட ஆற்றலின் அளவு. ஒருவர் காலடியில் எவ்வளவு குலுங்கியது என்பதை அது சொல்லாது. கலிஃபோர்னியா இரு நிலத்தட்டுகள் உரசும் விளிம்பில் கிடக்கிறது; அங்குள்ள பாறை எண்ணற்ற பிளவுகளால் நொறுங்கியது, அதிர்வலையை விரைவில் விழுங்கிவிடும். கிழக்குப் பகுதியோ தட்டின் உட்பகுதி. அங்கே பாறை பழையது, குளிர்ந்தது, இறுகியது. அலை வலுக்குன்றாமல் நெடுந்தொலைவு போகும். 2014இல் கலிஃபோர்னியாவின் நாபா பகுதியில் ஏற்பட்ட 6.0 நடுக்கம் ஏறத்தாழ 250 மைல் வரைதான் உணரப்பட்டது. அதைவிடச் சிறிய வர்ஜீனியா நடுக்கம் 600 மைல் எட்டியது. ‘நீங்கள் உணர்ந்தீர்களா’ என்று கேட்கும் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் பதிவேட்டுக்கு 1,40,000க்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. அமெரிக்க வரலாற்றில் மிக அதிகமானோர் உணர்ந்த நிலநடுக்கம் இதுவாகவே இருக்கலாம் என்று அந்நிறுவனம் கருதியது. பாறைச் சரிவுகளும் இதையே சொல்கின்றன. இந்த அளவுள்ள நடுக்கத்தில் அவை சுமார் 60 கி.மீ.க்கு அப்பால் நிகழ்ந்ததாக அதுவரை பதிவில்லை. வர்ஜீனியாவில் 245 கி.மீ. தொலைவிலும் சரிவுகள் கண்டறியப்பட்டன. தலைநகரிலோ, பாறைமேல் படிந்த மென்மையான வண்டல் குலுக்கத்தைப் பெருக்கவும் செய்தது. ஆக, இரு கரைகளிலும் ஒரே எண் ஒரே அனுபவத்தைக் குறிப்பதில்லை.

கட்டடங்களும் சாட்சி சொல்கின்றன. 555 அடி உயர வாஷிங்டன் நினைவுத்தூணின் உச்சியில் கற்களில் விரிசல் விழுந்தது. பழுதுபார்த்துத் திறக்க 2014 மே மாதம் ஆயிற்று. தேசியப் பேராலயத்தின் சிகரக் கற்கள் உடைந்து விழுந்தன. மையத்திலிருந்து 18 கி.மீ. தொலைவில் இருந்த நார்த் அன்னா அணுமின் நிலையம் தானே நின்றுபோனது. அங்கே கழிவெரிபொருள் அடைத்த, நூறு டன்னுக்கு மேல் எடையுள்ள உருளைகள் சில அங்குலம் நகர்ந்திருந்தன. அந்த நிலையம் தாங்க வேண்டும் என்று வடிவமைப்பாளர்கள் கணித்திருந்த எல்லையை அன்றைய அதிர்வு சில அலைவெண்களில் தாண்டியது. அணு உலைக்குக் கணக்குப் போட்ட பொறியாளர்களே எதிர்பாராததை நான்காம் மாடிக் குமாஸ்தா எதிர்பார்த்திருக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

இனி ஓட்டம். செப்டம்பர் 11 தாக்குதலின் பத்தாம் ஆண்டு நிறைவுக்கு மூன்று வாரங்கூட இல்லை. தரை குலுங்கியதும் வாஷிங்டனிலும் நியூயார்க்கிலும் பலர் மனத்தில் வந்தது குண்டுவெடிப்பு. உடலுக்குப் பழக்கமில்லாத அதிர்வை மனம் தனக்குத் தெரிந்த ஆபத்தோடு பொருத்திப் பார்க்கிறது. வெடிப்போ தீயோ என்றால் வெளியே ஓடுவதே அறிவு. தீப்பயிற்சியில் ஆண்டுதோறும் கற்றதும் அதுதான். மக்கள் கற்றதைத்தான் சரியாகச் செய்தார்கள், ஆனால் வேறொரு ஆபத்துக்கானதை. நிலநடுக்கத்தில் பழைய செங்கல் கட்டடத்தின் வாசலும் அதை ஒட்டிய நடைபாதையும் மிக அபாயமான இடங்கள்; புகைபோக்கியும் கைப்பிடிச் சுவரும் அங்கேதான் விழும். குலுக்கம் ஓயும்வரை மேசைக்கடியில் பதுங்குவதே நலம். அன்று யாரும் சாகாததற்கு முறையான நடத்தை காரணமல்ல, நல்ல நேரந்தான்.

  

‘எதிர்பாராதது’ என்ற சொல்லைப் பொதுமக்கள் சொல்லலாம், அரசு சொல்லக்கூடாது. மத்திய வர்ஜீனியா நிலநடுக்க மண்டலம் புவியியலாளரின் வரைபடத்தில் ஏற்கெனவே இருந்தது. 1875இல் அங்கே குறிப்பிடத்தக்க நடுக்கம் நேர்ந்திருக்கிறது. தெற்கே சார்ல்ஸ்டன் நகரை 1886இல் பெரும் நடுக்கம் சிதைத்தது. இரு நடுக்கங்களுக்கு இடைவெளி நான்கைந்து தலைமுறை என்றால், பாட்டி பேத்திக்குச் சொல்லி எதுவும் கைமாறாது. குடும்ப நினைவு தவறுகிற இடத்தில் கட்டட விதியும் பள்ளிப் பயிற்சியுமே நினைவாக நிற்க முடியும்.

தீபகற்ப இந்தியாவும் கிழக்கு அமெரிக்காவைப் போலத் தட்டின் உட்பகுதியிலுள்ள உறுதியான நிலமே; அது நடுங்காது என்ற நம்பிக்கைக்கு மகாராஷ்டிரத்தின் கில்லாரி கொடுத்த விலை கொடிது. 1992இல் அங்கே சிறு அதிர்வுகள் தொடர்ந்தன. ஊரார் உணர்ந்தார்கள். இந்தியாவின் நிலநடுக்க மண்டல வரைபடமோ அப்பகுதியை மிகக் குறைந்த ஆபத்துள்ள முதல் மண்டலத்தில் வைத்திருந்தது. 1993 செப்டம்பர் 30 விடியுமுன் 6.2 அளவு நடுக்கத்தில், மண்ணும் கல்லும் வைத்துக் கட்டிய கனத்த சுவர்கள் உறங்கியவர்கள்மேல் சரிந்து 7,500க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் நிகழ்ந்த நடுக்கம் சென்னை மக்களையும் தெருவுக்குக் கொண்டுவந்தது. 2002இல் நிலநடுக்கத்துக்கான இந்தியத் தரநிலை திருத்தப்பட்டபோது முதல் மண்டலமே நீக்கப்பட்டது. சென்னை இரண்டிலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது.

நூறாண்டுக்கொரு முறை வருவதற்காக எல்லாவற்றையும் இடித்துக் கட்ட முடியுமா என்று கேட்பார்கள். முடியாது, கலிஃபோர்னியாவுக்குரிய செலவை வர்ஜீனியாவிடம் கேட்பதும் முறையல்ல. ஆனால் செலவு முழுவதும் ஒரே தரத்தது அல்ல. தளர்ந்த புகைபோக்கியையும் கைப்பிடிச் சுவரையும் இரும்புப் பட்டையால் கட்டடத்தோடு பிணைக்க ஆகும் பணம் சொற்பம். ஏற்கெனவே நடக்கும் தீப்பயிற்சியோடு மேசைக்கடியில் பதுங்கும் பயிற்சியையும் சேர்க்க ஆகும் செலவு அதனினும் சொற்பம்.