துரை, துவான், துவாங்கு



சில வாரங்களுக்கு முன் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு அழைப்புக் கடிதம் எழுதும் பயிற்சி கொடுத்திருந்தேன். பள்ளியின் விளையாட்டுப் போட்டிக்கு ஒரு டத்தோவையும் அவர்தம் துணைவியாரையும் அழைக்க வேண்டும். ஏடுகளைத் திருத்த அமர்ந்தபோது ஒரு கடிதம் 'அன்புள்ள டத்தோ மாமா' என்று தொடங்கியது. மற்றொன்றில் 'டத்தோவும் பெண் டத்தோவும் வருகை தர வேண்டும்' என்றிருந்தது. சிரிப்பு வந்தது உண்மையே. ஆயினும் பிழை அவர்களுடையதன்று; எவரும் சொல்லித் தரவில்லை.

மறுநாள் பலகையில் நான்கு கட்டங்கள் வரைந்து ஓர் அட்டவணை எழுதிப்போட்டேன். பட்டம், பெறுபவர், வழங்குபவர், துணைவியாரை அழைக்கும் முறை. மாணவர்கள் எழுதிக்கொண்டிருந்த வேளையில் ஒரு சிறுவன் கேட்டான்: "டீச்சர், எங்க பாட்டி பழைய தோட்டத்து மேனேஜரை எப்பவும் துரைன்னுதான் சொல்லுவாங்க. அந்தப் பட்டத்தை யார் கொடுத்தது?"

எனக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை. அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலில் அட்டவணையைப் பெற்றோர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். துன், டான்ஸ்ரீ ஆகியவை மாமன்னர் வழங்குபவை. துன் பட்டம் பெற்றவரின் துணைவியார் தோபுவான். டான்ஸ்ரீயின் துணைவியார் புவான்ஸ்ரீ. டத்தோவின் துணைவியார் டத்தின். தமிழில் நாம் எல்லாவற்றையும் டத்தோ என்றே எழுதிவிடுகிறோம். மலாயிலோ சுல்தான்கள் வழங்குவது 'டத்தோ' என்றும், மாமன்னரும் சுல்தான் இல்லாத மாநிலங்களின் ஆளுநர்களும் வழங்குவது 'டத்தோக்' என்றும் எழுத்தில் வேறுபடும். பட்டம் பெற்ற பெண்மணியின் கணவருக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. இதைச் சொன்னபோது வகுப்பில் மாணவிகளிடம் எழுந்த கைதட்டலை நான் தடுக்கவில்லை.

அரச குடும்பத்தாரிடம் வரும்போது நம்மவர் மேலும் தடுமாறுகின்றனர். 'ராஜா' என்றாலே ஆண் என்று நினைக்கிறோம். பேரா அரச குடும்பத்தில் பிறந்த ஆண், பெண் இருபாலரும் பெயருக்கு முன் 'ராஜா' என்ற அடையைக் கொள்வர். 2024 முதல் நாட்டின் பேரரசியாராக விளங்கும் ராஜா சாரித் சோஃபியா நம் பேரா மண்ணின் இளவரசியாரே. மறைந்த சுல்தான் இட்ரிஸ் ஷா அவர்களின் புதல்வியார்.

சுல்தானை நேரில் 'துவாங்கு' என்று விளிக்க வேண்டும். 'என் தலைவரே' என்பது பொருள். விளிப்பவர் தம்மை 'பாத்தெக்' என்று குறிப்பிடுவார். நம் 'அடியேன்' போன்றது. எழுத்தில் வரும் 'டூலி யாங் மஹா மூலியா' என்னும் தொடரை எத்தனையோ முறை வானொலியில் கேட்டிருக்கிறோம். அந்த 'டூலி' வேறெதுவுமில்லை, நம் 'தூளி'தான். 'ஸ்ரீ பாடுகா' என்பதில் உள்ள 'பாடுகா'வும் பாதுகையே. வடமொழி வழியாக இரு மொழிகளிலும் வந்து தங்கிய சொற்கள் இவை. மன்னரின் முகத்தை நோக்கி நேரே பேசாமல், அவர் பாதத்தூளியின் கீழ் தம் சொல்லை வைக்கும் பணிவு அது. மன்னர் உண்பதற்கும் உறங்குவதற்கும் மறைவதற்கும்கூடத் தனிச் சொற்கள் உண்டு. சந்தாப், பெராடு, மங்காட். கோயிலில் இறைவன் 'எழுந்தருளினார்' என்று சொல்லிப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பது கடினமன்று.

இந்த முறைமையைப் பொருட்படுத்தாத ஒருவரின் நினைவுச் சின்னம் ஈப்போவிலேயே இருக்கிறது. பழைய நகரில் 1909-இல் எழுப்பப்பட்ட பெர்ச் நினைவு மணிக்கூண்டைத்தான் சொல்கிறேன்.

1874 சனவரி 20-ஆம் நாள் கையெழுத்தான பங்கோர் உடன்படிக்கையே ஒரு பட்டத்தைப் பற்றியதுதான். அதன் முதல் கூறு, ராஜா மூடா அப்துல்லாவைப் பேராவின் சுல்தானாக ஏற்கிறது. இரண்டாம் கூறு, அரசச் சின்னங்களைத் தம்மிடம் வைத்திருந்த இஸ்மாயிலுக்கு 'சுல்தான் மூடா' என்ற பட்டத்தையும் ஓய்வூதியத்தையும் கொடுத்து ஒதுக்குகிறது. மலாய் சமயமும் வழக்கமும் தவிர்த்த எல்லாவற்றிலும் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் ஆலோசனையைக் கேட்டு அதன்படி நடக்க வேண்டும் என்றது ஆறாம் கூறு. வழக்கம் எங்கே முடிகிறது, ஆட்சி எங்கே தொடங்குகிறது என்று எவர் கோடு கிழிப்பது?

முதல் ரெசிடெண்டாக வந்த ஜே.டபிள்யூ.டபிள்யூ. பெர்ச் இலங்கை அரசுப் பணியில் நெடுங்காலம் இருந்தவர். மலாய் மொழி அவருக்குச் சரிவர வராது. மொழிபெயர்ப்பாளரை நம்பியே பேசினார். சுல்தானிடமும் பிரபுக்களிடமும் கடுமையாக நடந்துகொண்டார். பேராவின் பிரபுக்கள் நால்வர், எண்மர், பதினாறு பேர், முப்பத்திருவர் என்று படிப்படியாக அமைந்தவர்கள். ஒவ்வொரு பட்டத்திற்கும் உரிமையும் வருவாயும் உண்டு. பெர்ச் அவர்களுடைய வரி வாங்கும் உரிமையில் கைவைத்தார். அடிமைகளாக இருந்தோருக்குப் புகலிடம் கொடுத்தார். பின்னது நல்ல செயலே. ஆனால் யாரிடம் எப்படிப் பேசுவது என்பதைக் கற்காமல் இவை யாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய முனைந்தார். 1875 நவம்பர் 2-ஆம் நாள் பாசிர் சாலாக்கில் ஆற்றுக் குளியலறையில் குத்திக் கொல்லப்பட்டார். மரியாதைக் குறைவு ஒன்றே அதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. காரணங்களுள் அதுவும் ஒன்று.

டத்தோ மகாராஜா லேலாவும் டத்தோ சாகோரும் 1877-இல் தூக்கிலிடப்பட்டனர். சுல்தான் அப்துல்லா செய்ஷல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். இன்று பெர்ச்சின் மணிக்கூண்டு நிற்கும் தெருவின் பெயர் ஜாலான் டத்தோ சாகோர். அருகில் ஜாலான் டத்தோ மகாராஜாலேலா. பிள்ளைகளோடு அந்தப் பக்கம் போகும் பெற்றோர்கள் ஐந்து நிமிடம் நின்று காட்டலாம்.

1877 முதல் 1889 வரை ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ வேறு வகையினர். லாபுவானில் பல்லாண்டுகள் வாழ்ந்து மலாய் மொழியைச் சரளமாகப் பேசியவர். பிரபுக்களை அவரவர் பட்டத்திற்குரிய முறையில் மதித்து ஆலோசனை மன்றத்தில் அமர்த்தினார். அதிகாரம் என்னவோ அவர் கையில்தான் இருந்தது! அந்த ஹியூ லோதான் 1877-இல் வந்த ரப்பர் கன்றுகளைக் கோலகங்சாரில் தம் தோட்டத்தில் நட்டவர். ஒன்பது கன்றுகள் என்பர். நம் பாட்டன் பூட்டன்மார் இங்கு வந்து சேர்ந்த கதை அந்தக் கன்றுகளோடு பின்னிக் கிடக்கிறது.

ரப்பர்த் தோட்டத்தில் 'துவாங்கு' என்ற சொல்லுக்கு வேலையே இருக்கவில்லை. மாநிலத்தின் மன்னரைத் தோட்டத்து மக்கள் பார்த்ததே அரிது. அவர்கள் நாள்தோறும் கண்ட அரசர் வேறு. நிருவாகி பெரிய துரை, உதவி நிருவாகி சின்ன துரை, அவர்தம் மனைவி துரைசானி. மலாயில் அவரே துவான். 'துரை' தெலுங்கின் 'தொர' என்னும் சொல்லிலிருந்து வந்தது. தலைவன், சிற்றரசன் என்று பொருள். தமிழகத்தில் கும்பெனிக் காலத்திலேயே வெள்ளை அதிகாரிகளுக்கு அது ஒட்டிக்கொண்டது. தமிழறிந்த எல்லிஸ் 'எல்லிஸ் துரை'. கட்டபொம்மனோடு மோதிய கலெக்டர் 'ஜாக்சன் துரை'. அரசாங்கத்தையே 'துரைத்தனம்' என்றனர். அந்தச் சொல்லையும் மூட்டையில் கட்டிக்கொண்டுதான் நம்மவர் கப்பலேறினர். சிற்றரசனுக்குரிய சொல்லை, சம்பளத்திற்கு வந்த ஒரு நிருவாகிக்குச் சூட்டினர். அவர் தம் ஊரில் பிரபுவுமல்லர், பிரபுவின் மகனுமல்லர் என்பது இவர்களுக்கு எப்படித் தெரியும்?

என் தாத்தா இருந்த தோட்டத்தில் துரைசாமி என்றொரு பெரியவர் இருந்தாராம். பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது கிராணி அவரை 'சாமி' என்று மட்டுமே அழைப்பார். ஒரு தோட்டத்தில் இரண்டு துரைகள் இருக்க முடியாது என்று தாத்தா சொல்லிச் சிரிப்பார். பாட்டி சிரித்ததில்லை.

சொல்லோடு உடலும் பணிய வேண்டியிருந்தது. துரை வரும் வழியில் தலைத்துண்டை எடுத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். மிதிவண்டியில் செல்பவர் இறங்க வேண்டும். இது ஏதோ வாய்வழிக் கதை என்று இளைய ஆசிரியர்கள் எண்ணலாகாது. 1941-இல் சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி முதலியவற்றோடு, ஐரோப்பியர் எதிரிலும் தோட்ட அலுவலர் எதிரிலும் மிதிவண்டியை விட்டு இறங்க மாட்டோம் என்பதையும் கோரிக்கையாக வைத்தனர். கூலிக்கு நிகராக இதுவும் அவர்களுக்கு முக்கியமாக இருந்தது. தலைவர் ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவிற்கு நாடு கடத்தப்பட்டார். படையைக் கொண்டு போராட்டம் அடக்கப்பட்டது. தொழிலாளர் சிலர் சுடப்பட்டு இறந்தனர்.

நம் பேராவில் இந்த மரியாதைச் சொல் ஒருமுறை வேறு விதமாக ஒலித்தது. 1948 சூன் 16 காலை, சுங்கை சிப்புட்டின் எல்ஃபில் தோட்ட அலுவலகத்திற்கு மிதிவண்டியில் வந்த இளைஞர்கள் நிருவாகி வாக்கரைப் பார்த்து "தாபெக் துவான்" என்று வணங்கினர். அவரும் பதில் வணக்கம் கூறினார். அடுத்த கணம் துப்பாக்கி வெடித்தது என்று அந்நாளைப் பற்றி எழுதியவர்கள் குறிப்பிடுகின்றனர். அன்று அவ்வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கொல்லப்பட்டனர். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் நடப்புக்கு வந்தது.

அதே சுங்கை சிப்புட்டில் 1919-ஆம் ஆண்டு சூன் 16-இல் பிறந்தவர் வீ.தி. சம்பந்தன். 1955 முதல் 1973 வரை ம.இ.கா.வின் தலைவர், அமைச்சர். வெள்ளையர் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, தொழிலாளர்களின் பணத்தையே திரட்டித் தோட்டங்களை வாங்க 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவியவர். மாமன்னர் அவருக்குத் துன் பட்டம் வழங்கினார். துணைவியார் தோபுவான் உமா சம்பந்தன் ஆனார். எங்கள் வீட்டில் அவரை வெறும் 'சம்பந்தன்' என்று எவரும் சொல்லிக் கேட்டதில்லை; பெரியவர்கள் வாயில் எப்போதும் 'துன் சம்பந்தன்'தான். ஆனால் அதே பெரியவர்கள், பின்னாளில் தமிழரே நிருவாகியாக வந்தபோதும் அவரைத் 'துரை' என்றே அழைத்தனர். பட்டம் நாற்காலியோடு ஒட்டியிருந்தது.

இத்தனையும் அந்தச் சிறுவனுக்குச் சொல்ல நேரமில்லை. அவனுடைய அட்டவணையில் கடைசியாக ஒரு வரிசை சேர்த்து, 'துரை' என்று எழுதி, பாட்டியிடமே கேட்டு நிரப்பி வரச் சொன்னேன்.

மறுநாள் ஏட்டைக் கொண்டுவந்தான். பெறுபவர் என்ற கட்டத்தில் 'தோட்ட மேனேஜர்' என்றிருந்தது. துணைவியார் கட்டத்தில் 'துரைசானி'. வழங்குபவர் என்ற கட்டத்தில் முதலில் எழுதிய 'வெள்ளைக்காரன்' என்பதை அழித்துவிட்டு, மேலே 'பாட்டியும் மற்றவர்களும்' என்று எழுதியிருந்தான்.

"பாட்டிதான் மாத்தச் சொன்னாங்க, டீச்சர்" என்றான்.