கௌமும் மில்லத்தும்: தேவ்பந்து உலமாக்களிடையே ஒரு சொற்பொருட் பிணக்கு

இந்தியப் பிரிவினையைச் சமயப் பற்றாளர் வேண்டினர், ஏனையோர் மறுத்தனர் என்னும் பொதுக்கருத்து மறுஆய்விற்குரியது. 1866இல் நிறுவப்பெற்ற தேவ்பந்து மதரசாவின் வரலாறு இதற்கு மாறான சான்று தருகின்றது. அதன் தலைமை ஆசிரியர் மௌலானா உசைன் அகமது மதனி, இக்காலத்தில் தேசங்கள் நிலத்தால் அமைவனவேயன்றிச் சமயத்தால் அல்ல எனத் தில்லியில் உரையாற்றினார். கவிஞர் இக்பால் இதனைக் கடிந்து பாரசீகத்தில் பாடினார். மதனி 1938இல் ஒரு நூலால் விடையிறுத்தார். 'கௌம்' என்பது மக்கள் தொகுதி. 'மில்லத்' என்பது சமயநெறி சார்ந்த சமூகம். இரண்டும் ஒன்றல்ல என்பது அவர்தம் வாதம். நபிமார்கள் தம்மை ஏற்காதாரையும் 'என் கௌமே' என விளிப்பதாகக் குர்ஆன் கூறுவதை அவர் சுட்டினார். மதீனாவில் முஸ்லிம்களும் யூதர்களும் செய்துகொண்ட உடன்படிக்கையையும் எடுத்தாண்டார். சொற்பொருளாய்வு இத்துணை அரசியல் கனம் பெற்றமை அரிது.

ஆயினும் தேவ்பந்து ஒருமுகமாக நிற்கவில்லை. மதனிக்கும் சபீர் அகமது உஸ்மானிக்கும் ஆசிரியர் ஒருவரே. அவர் மகமூது ஹசன். உஸ்மானி முஸ்லிம் லீக்கை ஆதரித்தார். 1945இல் உருவான ஜமியத் உலமாயே இஸ்லாம் அவர் தலைமையை ஏற்றது. 1919இல் தோன்றிய ஜமியத் உலமாயே ஹிந்த் மதனியின் வழி நின்றது. 1947 ஆகஸ்டில் கராச்சியில் பாகிஸ்தான் கொடியை ஏற்றியவர் உஸ்மானியே. மதனி, 1957இல் மறையும் வரை, தேவ்பந்தைத் துறக்கவில்லை.