'ஓசம்' என்றொரு சொல்

கிரான்பர்னில் கடைக்காரரிடம் வங்கி அட்டையை நீட்டினாலும் 'ஓசம்' என்கிறார்; தொலைபேசியில் பிறந்த திகதியைச் சொன்னாலும் மறுமுனையில் 'ஓசம்' தான். பிறந்த திகதியில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம்.

இதன் வேரான 'ஓ', அச்சத்தைக் குறிக்கும் 'அகி' என்ற பழைய நோர்ஸ் சொல்லோடு உறவுடையது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'சம்' என்ற விகுதி சேர்ந்து பெயரடையாயிற்று. கடவுளின் முன்னும் பெரும்புயலின் முன்னும் மனிதன் ஒடுங்கி நிற்கும் நிலைக்கு உரிய சொல் அது. எட்டு மெய்ப்பாடுகளை அடுக்கும் தொல்காப்பியர் மருட்கையை அடுத்து அச்சத்தை வைக்கிறார். புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்ற நான்கினால் மருட்கை பிறக்கும் என்பார். மருட்கையும் அச்சமும் ஒன்றாய்க் கலந்தால் அதுவே பழைய 'ஓசம்'.

1980களில் அமெரிக்க இளைஞர் பேச்சில் இது 'மிக நன்று' என்ற பொருளில் பரவியது. அதே வேரில் பிறந்த 'ஓஃபுல்' எதிர்த்திசையில் போய்ப் 'படுமோசம்' ஆகிவிட்டது. நமக்கும் இது புதிதல்ல. தமிழ்நாட்டில் 'படம் பயங்கரமா இருக்கு' என்றால் பாராட்டு. 'பிரமாதம்' என்கிறோமே, அது வடமொழியில் கவனப்பிசகு!

பேரப்பிள்ளையின் சித்திரத்தில் ஆசிரியை எழுதிய 'ஓசம்' என்ற சொல்லைப் பழைய அகராதியில் தேடினால் 'அச்சந்தருகிற' என்று கிடைக்கும். பிள்ளை எதைக் கீறிவிட்டதோ என்று பதற வேண்டாம். யாழ்ப்பாணத்துத் 'திறம்' அவ்விடத்துக்கு அளவாகப் பொருந்தும். 'சோக்கு' என்றாலும் பிழையில்லை.

இக்கட்டு வேறிடத்தில் இருக்கிறது. அண்மையில் வந்த என் உறவினர் ஒருவர் வேலைக்கான நேர்முகத்தில் ஐந்து முறை 'ஓசம்' கேட்டார். வேலை கிடைத்ததென்றே நம்பி, வேறு விண்ணப்பம் போடாமல் மூன்று கிழமை காத்திருந்தார். வந்தது மறுப்புக் கடிதம். அந்த ஐந்தும் 'சரி, அடுத்த கேள்வி' என்ற அளவுதான். விடை சொன்ன கையோடு தனியாக விழுகிற 'ஓசம்' வெறும் 'உம்' கொட்டல். எது நன்று என்று பெயர் சொல்லி, 'உங்கள் அந்த வேலை ஓசம்' என்றால் மட்டும் பாராட்டாகக் கொள்ளலாம்.

நாம் சொல்லும்போது ஒன்று: இதற்கு முன் 'வெரி' அவ்வளவாக ஒட்டாது. 'ரியலி', 'அப்சலூட்லி' இரண்டும் இயல்பாக ஒட்டும்.