கடியப்பட்டணக் கரைமணலும் திருவிதாங்கூர் இணைப்பு வினாவும்

ஆங்கிலேயர் வெளியேறியதும் திருவிதாங்கூர் தனிநாடாக நிற்கும் எனத் திவான் சி.பி. இராமசாமி ஐயர் 1947 ஜூன் 11 அன்று அறிவித்தார். இதனை அரண்மனை அரசியலாக மட்டும் காண்பது போதாது. அவ்வறிவிப்புக்கு வலுச்சேர்த்த பொருள்களுள் ஒன்று, கடியப்பட்டணத்தை அடுத்த மணவாளக்குறிச்சிக் கரையில் கிடந்தது. 1909இல் செருமானிய வேதியியலாளர் சோம்பர்க் அங்குக் கண்டறிந்த மோனசைட்டு மணல், தன்னிலுள்ள தோரியத்தால் அணுயுகத்தில் பேரம் பேசத்தக்க பொருளாயிற்று. பிரிட்டனும் அதனை நாடியது. ஆயினும் மணல் சோறாகாது. அரிசிக்கு வெளியிடங்களை நம்பியிருந்த நாடு அது. தனிநாட்டு வாதம் நலிவுற்றிருந்த இடம் இதுவே.

ஜூலை 25இல் திவான் தாக்கப்பட்டார்; மாத இறுதியில் மன்னர் இணைப்புக்கு இசைந்தார். தாக்குதலே முடிவை மாற்றியது எனல் மிகை. அதற்குச் சில நாள் முன்னரே தில்லியில் மவுண்ட்பேட்டன் திவானிடம் இணைப்பை வலியுறுத்தியிருந்தார்.

கல்குளம் வட்டத் தமிழர் பலரின் வினாவோ வேறு: இந்தியாவுக்குள் எம்மாநிலத்தோடு சேர்வது? நேசமணி முதலியோரின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் முன்வைத்த அவ்வினா, 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூட்டில் உயிர்ப்பலி கண்டது. 1956 நவம்பர் 1இல் கல்குளம் உள்ளிட்ட நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தை அடைந்தன. நிலம் மாநிலம் மாறியது. அணுக்கனிமத்தின் மீதான சட்டமியற்றும் அதிகாரம் அரசமைப்பின் ஒன்றியப் பட்டியலிலேயே இருந்தது.