கல்லூரி வாசலில் நிற்கும் பிரவீண் சான்றிதழ்: கொங்கு நாட்டில் மொழித்தேர்வுகளின் தடம்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் பாடத்திட்டத்தில் இந்தி இல்லை. ஆனால் இந்தித் தேர்வு எழுதும் பள்ளி மாணவர்களுக்குக் கோவையிலும் ஈரோட்டிலும் திருப்பூரிலும் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. பள்ளியில் இல்லாத மொழிக்குப் பள்ளிக்கு வெளியே ஒரு தேர்வு எப்படி உருவானது, அதில் தேறிய மாணவரைக் கல்லூரி எப்படி நடத்துகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பள்ளிக்கு வெளியே மொழித்தேர்வு நடத்துவது இந்தியோடு வந்த வழக்கமன்று. 1901-இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று படிப்படியாகத் தேர்வுகளை நடத்தியது. கல்லூரிப் படியேறாதவரும் எழுதலாம். தேறியவருக்குத் தமிழாசிரியர் வேலைக்கு வழி பிறந்தது. பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வித்துவான் தேர்வு வந்தது. கொங்கு நாட்டில் இந்த மரபைத் தாங்கிய இடங்களுள் முதன்மையானது கோவையை அடுத்த பேரூர். அங்கே ஆதீனத்தின் சார்பில் 1953-இல் தொடங்கிய தமிழ்க் கல்லூரி, உழவர் வீட்டுப் பிள்ளைகள் பலரைப் புலவர்களாக்கியது. அந்தப் புலவர் படிப்பே காலப்போக்கில் பி.லிட். என்ற பெயரில் பட்டப்படிப்பு வரிசையில் சேர்ந்தது. வெளியே பிறந்த தமிழ்த் தேர்வைப் பல்கலைக்கழகம் உள்ளே அழைத்துக்கொண்டது என்று சொல்லலாம்.

இந்தித் தேர்வுக்கு அந்த அழைப்பு வரவில்லை. அதன் காரணத்தில் கொங்கு நாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

காந்தி 1918-இல் சென்னையில் இந்திப் பிரசாரத்தைத் தொடங்கிவைத்து, முதல் ஆசிரியராகத் தம் மகன் தேவதாஸை அனுப்பினார். நான்கே ஆண்டுகளில், 1922-இல், ஈரோட்டில் ஓர் இந்திப் பள்ளி நடந்தது. இடம் கொடுத்தவர் அப்போது காங்கிரஸில் இருந்த ஈ.வெ.ரா. பதினாறு ஆண்டுகள் கழித்து, ராஜாஜி அரசு 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது எதிர்ப்பை முன்னின்று நடத்திச் சிறை சென்றவரும் அவரே. இதை முரண் என்று கேலி செய்வோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. 1922-இல் இருந்தது விரும்பியவர் படிக்கும் வகுப்பு. 1938-இல் வந்தது அரசாணை.

கட்டாய இந்தி 1940-இல் விலக்கப்பட்டது. 1948-இல் மீண்டும் இந்தியைப் பள்ளிக்குள் கொண்டுவர முயன்றபோது கல்வி அமைச்சராக இருந்தவர் தி.சு. அவினாசிலிங்கம், பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்யாலயத்தை உருவாக்கியவர். தமிழ் வளர்ச்சிக் கழகத்தையும் கலைக்களஞ்சியத்தையும் தந்தவரும் அவர்தாம். அவரை இந்திக்காரர் என்றோ தமிழ்க்காரர் என்றோ ஒரே பக்கம் தள்ளிவிட முடியாது.

1964-இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி, காந்தி தொடங்கிய பிரசாரத்தையும் அதன் தேர்வுகளையும் நடத்திவந்த தட்சிண பாரத இந்திப் பிரசார சபையைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவித்துப் பட்டம் வழங்கும் உரிமையும் தந்தது. அடுத்த ஆண்டே இந்தி எதிர்ப்பில் தமிழகம் கொந்தளித்தது. பொள்ளாச்சிப் பகுதியில் பிறந்த சி. சுப்பிரமணியம் 1965 பிப்ரவரி 11 அன்று மத்திய அமைச்சர் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். மறுநாள் பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு. 1968 ஜனவரியில் சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. இந்தி அரசுப் பள்ளியை விட்டு வெளியேறியது, சபைத் தேர்வு நிலைத்து நின்றது. பம்புசெட்டும் பனியனும் வடக்கே விற்கும் ஊர்களில் அதற்கு ஆள் கிடைக்காமலா போகும்? மாலை நேர இந்தி டியூஷன் கொங்கு நகரங்களின் நடுத்தர வீடுகளில் பழகிய சங்கதியானது.

தேர்வின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பிராத்மிக், மத்தியமா, ராஷ்டிரபாஷா, பிரவேசிகா ஆகிய நான்கும் கீழ்ப்படிகள். அதன்பின் விஷாரத், பிரவீண். இரண்டுக்கும் பூர்வார்த், உத்தரார்த் என இருபாதி. ஆக எட்டுத் தேர்வு. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் விடாமல் எழுதித் தேறினால் கணக்குப்படி நான்கே ஆண்டு. ஐந்தாம் வகுப்பில் தொடங்கும் பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் பிரவீண் ஆகிவிடலாம். உயர் தேர்வுகளில் வட்டார மொழித்தாளும் உண்டு. பள்ளியில் தமிழுக்குப் பதில் வேறு மொழி எடுத்த பிள்ளை, இந்திப் பட்டத்துக்காகத் தமிழ் எழுதும் வேடிக்கையும் இதனால் நடந்தது.

மைய அரசின் மதிப்பீட்டில் பிரவேசிகா மெட்ரிக்குக்கும், விஷாரத் இன்டர்மீடியட்டுக்கும், பிரவீண் பி.ஏ.வுக்கும் சமம், ஆனால் அந்தந்தப் படிப்பின் இந்தித் தரத்துக்கு மட்டுமே. முழுப் பட்டமாகக் கொள்ளக் கூடாது. இந்த நிபந்தனை நியாயமானதே. பதினான்கு வயதுப் பிள்ளையைப் பட்டதாரி என்று யாரும் அழைக்க முடியாது. ஆனால் இந்தித் தரம் மட்டும் என்ற அந்த அளவிலாவது கல்லூரி அதை மதிக்கிறதா? பாரதியார் பல்கலைக்கழகம் 1982-இல் கோவையில் அமைந்தது. அதன் கல்லூரிகளில் பகுதி ஒன்று மொழிப்பாடத்தில் இந்தி எடுக்கும் மாணவி பிரவீண் முடித்திருந்தாலும், தொடக்கப் பருவத்துத் தாளிலிருந்தே எழுத வேண்டும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பயன்படும் சான்றிதழ் வகுப்பறையில் மதிப்பெண்ணாக மாறுவதில்லை.

அமெரிக்காவில் 1950-களின் நடுவில் கல்லூரி வாரியம் பொறுப்பேற்ற ஏ.பி. தேர்வுகள் இந்தச் சிக்கலுக்காகவே பிறந்தவை. உயர்நிலைப் பள்ளியில் ஸ்பானிஷோ பிரெஞ்சோ நன்றாக எழுதியவர்க்குப் பல கல்லூரிகள் கிரெடிட் தருகின்றன, அல்லது மேல்வகுப்பில் உட்கார வைக்கின்றன. அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை. ஆனாலும் 1998-இல் தொடங்கிய கலிபோர்னியா தமிழ்க் கழகம் போன்ற வாரயிறுதிப் பள்ளிகளில் படித்த தமிழைச் சில பள்ளி மாவட்டங்கள் மொழிக் கிரெடிட்டாக ஏற்கின்றன. கோவையிலிருந்து போன குடும்பத்துப் பேத்தி அங்கே தமிழுக்குப் பெறும் சலுகையை, இங்கே எந்த மொழிக்கும் அவள் அத்தை மகள் பெற முடிவதில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் கிரெடிட் வங்கி விதிகளை வெளியிட்டது. ஆனால் அந்த விதிகள் உயர்கல்வி நிறுவனங்களுக்கு இடையிலான ஏற்பாடாகவே அமைந்தன. பள்ளிக்காலத்துத் தேர்வுக்கு அவற்றில் இடம் இருக்கவில்லை. சபையின் சான்றிதழை அப்படியே ஏற்க வேண்டும் என்பது என் வாதமன்று. மனப்பாடத்தால் தேறியவரும் அதில் உண்டு. சேர்க்கையின்போது கல்லூரியே ஒரு தகுதிகாண் தேர்வு வைத்து, தேறியவரை மேல்நிலைத் தாளுக்கு அனுப்பட்டும். தமிழுக்கும் அதுவே பொருந்தும். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வந்த வடமாநிலத் தொழிலாளரின் பிள்ளைகள் இன்று நம் பள்ளிகளில் தமிழ் படிக்கிறார்கள். அவர்கள் ஏறிவரப் பண்டிதத் தேர்வு போன்ற ஒரு படிவரிசை வேண்டும். பேரூர் மரபும் பாரதியார் பல்கலைக்கழகமும் ஒரே ஊரில் இருக்கையில், அதை முதலில் அமைக்க வேண்டிய பொறுப்பு கோவைக்கே உரியது.