தேகம் யாக்கையான வீடு

பல்லாவரத்தில் மறைமலை அடிகள் வாழ்ந்த வீட்டைத் தனித்தமிழ் இயக்கம் பிறந்த இடம் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். நாற்பதைத் தாண்டிய பிறகு எனக்கு அது வேறொன்றாகவும் தெரிகிறது: காலடி மண் சரிந்த ஒரு குடும்பஸ்தர் வந்து ஒதுங்கிய இடம்.

அப்போது அவர் வேதாசலம். 1898 முதல் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழாசிரியர். உடன் பணிபுரிந்த பரிதிமாற் கலைஞர் 1903இல், 33 வயதில் மறைந்தார். பிறகு, கல்லூரிப் படிப்பில் தமிழ் கட்டாயம் என்ற நிலை போயிற்று. 1911இல் வேதாசலத்தின் பதின்மூன்று வருட வேலையும் முடிந்தது. மனைவி மக்களோடு பல்லாவரம் வந்தார். அந்த ஆகஸ்டில் காவி உடுத்தினார். வயது 35.

இந்த வயதின் தடுமாற்றத்துக்குப் பெயர் கிடைத்தது வெகுகாலம் கழித்துத்தான். கனடாவில் பிறந்த உளப்பகுப்பாய்வாளர் எலியட் ஜாக்ஸ் 1957இல் லண்டனில் வாசித்த, 1965இல் அச்சேறிய கட்டுரையில்தான் ‘மிட்லைஃப் கிரைசிஸ்’ என்ற சொல் நிலைபெற்றது. முப்பதுகளின் நடுவில் தன் சாவு தனக்கே உறைக்கத் தொடங்குவதுதான் இதன் வேர் என்றார் அவர். கலைஞர்கள் சிலர் அத்தோடு ஓய்ந்துவிடுகிறார்கள். சிலருக்கு அதன் பிறகுதான் செதுக்கிச் செதுக்கிச் செய்யும் நிதானம் கைவருகிறது.

அடிகளின் மனதில் என்ன ஓடியது என்று அறுதியிட எனக்கு உரிமையில்லை. செய்ததைப் பார்க்கலாம். காவி கட்டியவர் வீட்டை விட்டுப் போகவில்லை. புத்தகம் சேர்த்தார், எழுதினார், ஊர் ஊராகப் போய்ப் பேசினார். ஐந்து வருடம் அப்படியே போயிற்று. அவர் கதையைச் சொல்லும்போது நாம் தாண்டிப் போய்விடுவது இந்த ஐந்து வருடத்தைத்தான். எனக்கோ அதுதான் முக்கியம். வேலை போன மறுநாளே புது வாழ்க்கை வாசலில் வந்து நிற்கவில்லை.

1916இல் ஒருநாள் மகள் நீலாம்பிகையோடு வள்ளலார் பாடல் ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தார். அதில் வரும் ‘தேகம்’ என்ற சொல்லை நிறுத்திப் பார்த்தார். ‘யாக்கை’ என்றிருந்தால் ஓசை இன்னும் இனிக்குமே என்றார். பதின்மூன்று வயதை ஒட்டிய மகளுக்கும் அது பிடித்துப்போனது. இனி வடசொல் கலவாமல் பேசுவது என்று இருவரும் முடிவெடுத்தார்கள். யாத்தல் என்றால் கட்டுதல், கட்டப்பட்டது யாக்கை. நாற்பதை எட்டிய மனிதர் முதலில் மாற்றிய சொல் உடலைக் குறிப்பதாக இருந்தது என்பதை என்னால் எளிதில் கடக்க முடியவில்லை.

வேதாசலம் மறைமலை ஆனார். அவர் நடத்திய ‘ஞானசாகரம்’ இதழ் ‘அறிவுக்கடல்’ ஆயிற்று. நீலாம்பிகை பின்னாளில் வடசொற்களுக்குத் தமிழ்ச்சொல் தரும் அகரவரிசை ஒன்றைத் தொகுத்தார். 1950இல், 74 வயதில் மறையும்வரை அடிகள் பல்லாவரத்திலேயே இருந்தார்.