முற்றுகையும் சாயமும்: முதல் உலகப் போர்க்காலச் சாயப் பஞ்சமும் அவுரியின் குறுகிய மீட்சியும்

1916 ஜூலையில் அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்துக்கு ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் வந்து சேர்ந்தது. ‘டாய்ச்லாந்து’ என்ற அந்தக் கப்பலில் டார்பிடோ கிடையாது. சரக்கு ஏற்றுவதற்கென்றே கட்டப்பட்டது. பிரிட்டிஷ் கடற்படையின் முற்றுகைக்கு அடியில் நுழைந்து அட்லாண்டிக்கைக் கடந்து அது கொண்டுவந்ததில் முதன்மையானது செயற்கைச் சாயம். திரும்பும்போது நிக்கலும் வெள்ளீயமும் ரப்பரும் ஏற்றிச் சென்றது. துணிக்கு நிறமேற்றும் பொருளை நீருக்கடியில் கடத்திவந்து விற்றாலும் லாபம் கிடைக்கும் என்ற நிலை இரண்டே ஆண்டுகளில் உருவாகியிருந்தது. இந்தச் சாயப் பஞ்சத்தின் வரலாற்றைக் கொண்டு ஒரு வாதத்தை இக்கட்டுரை முன்வைக்கிறது. போர் ஒரு வேதிப்பொருளின் விலையை ஏற்றுகிறது, ஏறிய விலை மாற்று உற்பத்தியைத் தூண்டுகிறது என்பது வரை மறுப்பதற்கில்லை. ஆனால் போர் முடிந்தபின் அந்த மாற்று பிழைத்திருக்குமா என்பதை விலை தீர்மானிப்பதில்லை. மூலப்பொருளிலிருந்து இறுதிச் சரக்கு வரையான கண்ணிகள் உள்நாட்டில் வேர்பிடித்தனவா, சமாதானம் வந்தபின் அவற்றுக்குச் சட்டத்தின் காவல் கிடைத்ததா என்ற இரண்டுமே அதைத் தீர்மானித்தன.

முதல் செயற்கைச் சாயத்தை 1856இல் கண்டுபிடித்த வில்லியம் பெர்கின் லண்டன்காரர். ஆனாலும் தொழில் ஜெர்மனியில்தான் வளர்ந்தது. 1869இல் மஞ்சிட்டி வேரின் சிவப்பான அலிசரினைச் செயற்கையாகச் செய்யும் காப்புரிமைக்குப் பெர்கினை ஒரே நாள் முந்திக்கொண்டது பிஏஎஸ்எஃப் நிறுவனம். நீலம் அதற்கு நெடுநாள் வசப்படவில்லை. அடால்ஃப் வான் பேயர் 1880இல் ஆய்வுக்கூடத்தில் நீலச்சாயத்தை உருவாக்கிக் காட்டிய பின்னும், அதை ஆலையில் கட்டுபடியாகும் விலைக்குச் செய்ய 17 ஆண்டுகளும் சுமார் 1.8 கோடி மார்க்கும் பிடித்தன. 1897இல் அச்சாயம் சந்தைக்கு வந்தபோது இந்தியாவில் சுமார் 16 லட்சம் ஏக்கரில் அவுரி பயிராகிக்கொண்டிருந்தது. செடியிலிருந்து எடுத்த நீலம் ஆண்டுக்கு 19,000 டன். 1914இல் அது 1,000 டன் அளவுக்குச் சுருங்கியது. போர் தொடங்கிய ஆண்டில் உலகின் செயற்கைச் சாயத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு ஜெர்மனியின் கையில் இருந்தது. பிரிட்டன் தனக்கு வேண்டிய சாயத்தில் ஐந்தில் நான்கு பங்கை இறக்குமதி செய்தது. சுமார் 20 லட்சம் பவுன் பெறுமான அந்தச் சாயத்தை நம்பி 20 கோடி பவுன் பெறுமான நெசவுத் தொழில் நின்றது. சங்கிலியில் மலிவான கண்ணி அறுந்தால்தான் சேதம் பெரிது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு கிடைப்பது அரிது.

இந்தச் சார்பை பிரிட்டன் அறியாமலில்லை. அங்கே பெற்ற காப்புரிமையை அங்கேயே தொழிற்படுத்த வேண்டும் என்று 1907இல் ஒரு சட்டம் போட்டது. அதற்கு ஈடுகொடுக்க ஜெர்மனியின் ஹோக்ஸ்ட் நிறுவனம் இங்கிலாந்தின் எல்ஸ்மியர் போர்ட்டில் ஒரு நீலச்சாய ஆலையைக் கட்டியது. சட்டம் நிறைவேறியது, ஆலையும் ஓடியது. ஆனால் அங்கே நடந்தது கடைசிக் கட்ட வேலை மட்டுமே. அதற்கு வேண்டிய இடைநிலைப் பொருளான பினைல்கிளைசீன் ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்தது. போர் வந்ததும் ஆலை பிரிட்டிஷ் மண்ணில் நின்றது, சரக்கு வரும் வழி அடைபட்டது. 1916இல் அந்த ஆலையை வாங்கிய மான்செஸ்டரின் லெவின்ஸ்டைன் நிறுவனம் அந்த முன்கட்ட வேலையையும் தானே செய்ய வேண்டியிருந்தது. எங்கே தயாராகிறது என்று கேட்டால் போதாது, எதிலிருந்து தயாராகிறது என்றும் கேட்க வேண்டும் என்பதை அந்தக் கட்டடம் காட்டியது. உள்நாட்டு உற்பத்தி என்ற பெயரில் இன்றும் பல நாடுகள் கடைசிக் கட்டத்தை மட்டும் கட்டித் திருப்தி அடைவதைப் பார்க்கும்போது அந்தப் பாடம் சரியாகப் படிக்கப்பட்டதாகத் தோன்றவில்லை.

சாயம் கிடைக்காமல் போனதற்கு முற்றுகை மட்டுமே காரணம் என்பது பாதி உண்மை. பிரிட்டன் 1915 மார்ச்சில் ஜெர்மன் ஏற்றுமதியை வெளியிலிருந்து அடைத்தது. ஜெர்மனியோ நடுநிலை நாடுகள் பிரிட்டனை நெருக்கட்டும் என்று தன் சாயத்தை உள்ளிருந்தே பிடித்துவைத்தது. இரு தரப்பும் ஒரே வாசலை இரு பக்கமும் பூட்டின. பழைய இருப்பு எங்கே கிடக்கிறது என்று வணிகர்கள் தேடினார்கள். போருக்கு முன் சீனாவில் விற்பனையாகியிருந்த ஜெர்மன் நீலத்தைத் திரும்ப வாங்கி அமெரிக்காவுக்குக் கப்பலேற்றினார்கள்.

விலையேற்றத்துக்கு இன்னொரு காரணம் சாயச் சந்தைக்கு வெளியே இருந்தது. நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பென்சீனும் டொலுவீனும் பீனாலும் சாயத்துக்கு மட்டும் உரியவையல்ல. டொலுவீன் டிஎன்டி வெடிமருந்துக்கும், பீனால் பிக்ரிக் அமில வெடிமருந்துக்கும் அடிப்படை. பீனாலிலிருந்தே ஆஸ்பிரினுக்கு வேண்டிய சாலிசிலிக் அமிலமும் வருகிறது, அந்தப் பீனால்தான் தாமஸ் எடிசனின் இசைத்தட்டுகளுக்கும் தேவைப்பட்டது. பிரிட்டன் பீனாலை வெடிமருந்துக்கென்று ஒதுக்கியதும் எடிசன் சொந்தமாகவே பீனால் ஆலை தொடங்கினார். அவர் தேவைக்கு மிஞ்சியதை 1915இல் ஜெர்மன் தரப்பு இடைத்தரகர் வழியே மொத்தமாக வாங்கியது. ஆஸ்பிரினுக்குச் சரக்கு கிடைத்தது, நேச நாடுகளின் குண்டுகளுக்குப் போக வேண்டியது குறைந்தது. பேரத்தின் பின்னணியில் இருந்த ஜெர்மன் அதிகாரி ஹைன்ரிக் ஆல்பர்ட் நியூயார்க் ரயிலில் தன் கைப்பெட்டியை விட்டுவிட்டு இறங்கியதால் விஷயம் பத்திரிகைக்கு வந்தது. வேதிப்பொருளின் விலை ஒரு சந்தைக்குள் அடங்குவதில்லை என்பதுதான் இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது. சாயக்காரரும் மருந்துக்காரரும் பீரங்கிப் படையும் ஒரே பீப்பாய்க்குப் போட்டியிட்டார்கள்.

இந்த வேளையில்தான் இந்திய அவுரிக்கு உயிர் திரும்பியது. போருக்கு முன் இரண்டு லட்சம் ஏக்கருக்கும் கீழே போயிருந்த பரப்பு, 1916-17இல் ஏழு லட்சம் ஏக்கரைத் தாண்டியது. பீகாரில் இது வெள்ளைக்காரத் தோட்டத்துரைகளின் தொழில். குடியானவர் தன் நிலத்தில் இருபதில் மூன்று பங்கில் அவுரி போட்டே ஆக வேண்டும் என்ற தீன்கதியா முறையில் அது நடந்தது. சென்னை மாகாணத்தில் அப்படியல்ல. தென் ஆர்க்காடு, கடப்பை, கர்நூல், நெல்லூர் மாவட்டங்களில் சிறு விவசாயிகளே விதைத்து, அறுத்த தழையைத் தொட்டியில் ஊறவைத்து, அந்த நீரைக் கடைந்து, அடியில் படிந்த நீலத்தைக் காயவைத்து அச்சுகளாக விற்றார்கள். அவுரி குறுகிய காலப் பயிர், தொட்டி பெரிய முதலீடு இல்லை. ஆகவே விலை ஏறியவுடன் விதைக்கவும் இறங்கியவுடன் விட்டுவிடவும் இங்கே முடிந்தது. பீகாரில் அந்த நெகிழ்ச்சி குடியானவருக்குக் கிடைக்கவில்லை. செயற்கை நீலம் வந்து விலை சரிந்தபோது, அவுரி போடுவதிலிருந்து விடுவிப்பதற்கு விலையாகத் துரைகள் உயர்த்திய குத்தகையையோ மொத்தத் தொகையையோ வாங்கிக்கொண்டார்கள். போரில் விலை ஏறியபோது அதே பயிரைத் திரும்பவும் நாடினார்கள். விலை இறங்கினாலும் ஏறினாலும் சுமை ஒரே தோளில் விழுந்தது. 1917இல் காந்தி சம்பாரணுக்குப் போனதன் பின்னணி இது. அடுத்த ஆண்டு வந்த சட்டம் தீன்கதியா முறையை ஒழித்தது.

1920களில் அவுரி மீண்டும் சரிந்தது. அதே காலத்தில் பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான் ஆகியவற்றில் போரின்போது பிறந்த சாயத் தொழில்கள் நிலைத்துவிட்டன. இந்த வேறுபாட்டுக்கு விலை காரணமாக இருக்க முடியாது. எல்லோருக்கும் கிடைத்தது அதே விலையேற்றம்தான். அமெரிக்க முதலீட்டாளர்களின் தயக்கம் இதை நன்றாகவே காட்டுகிறது. 1914இல் அங்கே ஏழு சாய நிறுவனங்களும் ஐந்நூற்றுச் சொச்சம் தொழிலாளர்களும் இருந்தார்கள். சாய விலை எட்டாத உயரத்துக்குப் போன பிறகும், சமாதானம் வந்த மறுநாள் ஜெர்மன் சரக்கு குவியுமே என்ற அச்சத்தில் பெரிய பணம் இறங்கத் தயங்கியது. 1916 செப்டம்பரில் சிறப்புத் தீர்வை விதிக்கப்பட்டது. ஐந்தாண்டுகளில் உள்நாட்டுத் தேவையில் 60 சதவீதத்தை உள்நாட்டிலேயே செய்யாவிட்டால் சலுகை போய்விடும் என்பது நிபந்தனை. பிறகு பறிமுதல் செய்த ஜெர்மன் காப்புரிமைகளில் சுமார் 4,500ஐ 1919இல் அமைந்த கெமிக்கல் ஃபவுண்டேஷன் 2,50,000 டாலருக்கு வாங்கி உள்நாட்டு ஆலைகளுக்குத் திறந்துவிட்டது. பிரிட்டனில் 1915இலேயே அரசு பிரிட்டிஷ் டைஸ் நிறுவனத்துக்குப் பணம் போட்டது. 1919 டிசம்பரில் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு இறக்குமதித் தடையை உடைத்ததும் வெளிநாட்டுச் சாயம் கொட்டியது. உடனே 1920இல் உரிமம் இன்றிச் சாயம் இறக்குமதி செய்ய முடியாதபடி பத்தாண்டுக்குச் சட்டம் வந்தது. வெர்சாய் உடன்படிக்கையோ ஜெர்மனியின் சாய இருப்பில் பாதி வரையிலும், 1925 தொடக்கம் வரை உற்பத்தியில் கால் பங்கு வரையிலும் கேட்டுப்பெறும் உரிமையை வென்றவர்களுக்குக் கொடுத்தது.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. அவுரி தோற்றது காவல் இல்லாததால் அல்ல, தரத்தால் என்பார்கள். செடிநீலத்தில் நிறத்தின் அளவு அச்சுக்கு அச்சு மாறும், செயற்கை நீலம் எப்போதும் ஒரே சீராக இருக்கும். இது உண்மையே. ஆனால் 1920இல் பிரிட்டிஷ் சாயங்களின் நிலையும் பெருமைப்படும்படி இல்லை. விலை அதிகம், வகை குறைவு என்று லங்காஷயர் சாயக்காரர்களே முறையிட்டார்கள். தரமே நடுவராக இருந்திருந்தால் அந்தத் தொழிலும் அவுரியோடு போயிருக்கும். உரிமச் சட்டம் அதற்குத் தரத்தைத் தேடிக்கொள்ள அவகாசம் வாங்கிக்கொடுத்தது. அந்த அவகாசத்துக்கான விலையைத் துணி உற்பத்தியாளர்களும் அவர்கள் வழியே துணி வாங்கியவர்களும் கொடுத்தார்கள் என்பதை மறைக்கத் தேவையில்லை. காவலை இலவசம் என்று யாரும் சொல்ல முடியாது.

என் வாதத்துக்கு இன்னும் சங்கடமான சான்று அமெரிக்காவின் டோ நிறுவனம். 1916இன் சிறப்புத் தீர்வையில் நீலச்சாயத்துக்கு இடமே இல்லை. இருந்தும் மிச்சிகனின் மிட்லாந்தில் டோ செயற்கை நீலம் செய்யத் தொடங்கியது. ஆகவே காவல் இன்றியும் விலை மட்டும் தொழிலைத் தொடங்கிவைக்க முடியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டோ எதன் மேல் நின்றது என்று பார்க்க வேண்டும். மிட்லாந்தின் உவர்நீரிலிருந்து அது தானே குளோரின் எடுத்தது. குளோரினிலிருந்து குளோரோஅசிடிக் அமிலம், அதனுடன் அனிலீன் சேர்ந்தால் பினைல்கிளைசீன், அதிலிருந்து நீலம். எல்ஸ்மியர் போர்ட்டில் அறுந்துபோன அதே கண்ணி இங்கே உள்ளூரில் இருந்தது. அப்படியும் போருக்குப் பின் 1921இலும் 1922இலும் வந்த தீர்வைச் சட்டங்களின் நிழல் அதற்குக் கிடைத்தது.

இந்திய அரசு அவுரிக்குச் செய்தது இதற்கு நேர்மாறானது. 1918இல் அவுரி வரிச் சட்டம் வந்தது. ஏற்றுமதியாகும் நீலத்தின் மேலேயே வரி போட்டு, அந்தப் பணத்தில் அவுரி ஆராய்ச்சி நடத்த ஏற்பாடு. பீகாரின் பூசாவில் ஒரு வேதியியலாளர் மண்ணையும் உரத்தையும் சாய மகசூலையும் ஆராய்ந்தார். வேலையின் தரத்தில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு பக்கம் போட்டியாளரின் சரக்கை உரிமத்தால் தடுத்த பிரிட்டிஷ் அரசு, மறுபக்கம் தன் குடியேற்றத்தில் அதே தொழிலின் சரக்குக்கே வரி விதித்தது. நிலக்கரித் தாரிலிருந்து சாயம் வரையான சங்கிலியை இந்தியாவில் கட்டும் யோசனைக்கு அந்தத் திட்டத்தில் இடமே இல்லை. செடியைச் செம்மைப்படுத்தினால் போதும் என்று நினைத்தார்கள்.

பல நாடுகளில் உற்பத்தி பரவிக் கிடக்கும் இன்றைய உலகுக்கு நூறாண்டுக்கு முந்தைய ஒரு ஏகபோகத்தின் கதை பொருந்துமா என்றும் கேட்கலாம். பொருந்தும் என்பதற்கு ஓர் அண்மைச் சான்று உண்டு. 2022இல் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தபின் ஐரோப்பாவுக்கு வந்த ரஷ்ய எரிவாயு சுருங்கியது. அந்த ஆகஸ்டில் எரிவாயு விலை உச்சத்துக்குப் போனது. எரிவாயுவே அமோனியாவுக்கு எரிபொருள், மூலப்பொருள் இரண்டும். 2023 பிப்ரவரியில் விலை அந்த உச்சத்திலிருந்து வெகுவாக இறங்கிவிட்டிருந்தது. அந்த மாதத்தில்தான் பிஏஎஸ்எஃப், நீலச்சாயத்தை உலகுக்குக் கொடுத்த தன் லுட்விக்ஷாஃபன் வளாகத்திலேயே, இரண்டு அமோனியா ஆலைகளில் ஒன்றையும் காப்ரோலாக்டம், டிடிஐ ஆலைகளையும் நிரந்தரமாக மூடுவதாக அறிவித்தது. அன்று ஏறிய விலை அவுரியை நிலைநிறுத்தவில்லை. இன்று இறங்கிய விலை அமோனியா ஆலையைத் திரும்ப ஓடவைக்கவில்லை.